பழைய துணிப்பையைக் கெடுக்காமல் சுத்தம் செய்வது: அனுபவப் பகிர்வு

பழைய பை கையில் கிடைத்ததும் பக்கெட்டைத் தேடாதீர்கள், அட்டையைத் தேடுங்கள். பையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை இரண்டு விரலால் அழுத்துங்கள். விறைப்பாக நின்றால் உள்ளே அட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் அட்டை ஊறி உப்பும். அதைவிடப் பெரிய கேடு வேறு ஒன்று: அட்டையிலுள்ள பழுப்பு தண்ணீரோடு துணிக்குள் ஏறி, காயும்போது டீ சிந்தியது போல ஒரு கோடு போட்டுவிடும். முதலில் இருந்த அழுக்கை எடுப்பதைவிட அந்தக் கோட்டை எடுப்பது பல மடங்கு கஷ்டம்.

உள்துணியின் அடித்தையலை ஒரு கை நுழையும் அளவுக்குப் பிரித்தால் அட்டையை உருவிவிடலாம். பிரிக்கும் முன் தையலைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரியால் இழுக்காமல், ஊசி முனையால் மூன்று தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்தால் துணி கிழியாது. அட்டை பசையால் ஒட்டியிருந்தால் அந்தப் பையை முழுதாக நனைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

* * *

அட்டையைப் பற்றி மேலே ஒருவர் சொன்னது ரொம்ப சரி. அதற்கு அடுத்தது தூசி. நனைந்த தூசி சேறு, அது நூலிழைக்குள் இறங்கினால் வராது. அதனால் தண்ணீர் தொடும் முன் தூசியை உலர்வாகவே எடுத்துவிட வேண்டும்.

வேக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுவையில் வைத்து, பையின் மேல் ஒரு நைலான் கொசுவலைத் துண்டை விரித்து, அதன் மேலாக மெதுவாக நகர்த்துங்கள். வலை இல்லாமல் செய்தால் நைந்த நூலும் பிரிந்த இழையும் குழாய்க்குள் போய்விடும். வலையின் ஓரம் நூலில் மாட்டாமல் இருக்கச் சுற்றிலும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். தையல் மடிப்புக்கும் ஜிப் ஓரத்துக்கும் மென்மையான பெயின்ட் பிரஷ் போதும். உள்துணியை வெளியே இழுத்து, மூலைகளில் திரண்டிருக்கும் பஞ்சையும் எடுங்கள். பாதிப் பைகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும், தண்ணீரே தேவைப்படாது.

* * *

சாயப் பரிசோதனையை எல்லாரும் அவசரமாகச் செய்கிறார்கள். ஒரு சொட்டு வைத்து, துடைத்து, "போகல" என்று முடிவு கட்டுவது பரிசோதனை ஆகாது.

முறை இதுதான். உள் மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு. அது உள்ளே இறங்கும் வரை காத்திருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை அதன் மேல் வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்துப் பார்த்தால் நடுவில் ஒன்றும் இல்லாமல், ஓரத்தில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய வளையம் தெரியலாம். அந்த வளையம் இருந்தாலே சாயம் போகிறது என்று அர்த்தம்.

அடுத்து அதே சோதனையைச் சோப்புக் கரைசலில் செய்யுங்கள். வெறும் தண்ணீருக்கு அசையாத சாயம் சோப்புக்கு ஓடும். ஒவ்வொரு நிறத்துக்கும், பூவேலை நூலுக்கும், உள்துணிக்கும், கரைப்பட்டிக்கும் தனித்தனியாக. கறுப்பு, சிவப்பு, கருநீலம் மூன்றையும் இரண்டு முறை பாருங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். ஓடுகிற பழைய சாயத்தை இரண்டும் நிறுத்தாது.

* * *

சாயம் நிற்கிறது, அட்டை இல்லை, தோல் இல்லை, துணி கெட்டியான பருத்தி அல்லது லினன் என்றால் மட்டும் முழுக்க நனைக்கலாம். இவை இரண்டும் ஈரத்தில் வலு குறையாத இழைகள்.

அகலமான தொட்டியில் 10 லிட்டர் வெதுவெதுப்பான நீர், 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். வாசனையும் வெண்மையூட்டியும் இல்லாத நடுநிலை லிக்விட் சோப்பு 20 மில்லி. பையை ஒரு வலை மேல் கிடத்தி, வலையோடு இறக்குங்கள். பத்து நிமிடம். தட்டையான ஸ்பாஞ்சால் மேலிருந்து அமுக்கி விடுங்கள். கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. தண்ணீர் மஞ்சள் கலந்த பழுப்பாக மாறும். வயதான பருத்தி உதிர்க்கும் பழுப்பு அதில் நிறைய இருக்கும். அதைப் பார்த்து மேலும் சோப்பு ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. தேவைப்படுவது புதுத் தண்ணீர்.

நுரை அறவே நிற்கும் வரை அலசுங்கள், குறைந்தது நாலைந்து முறை. சோப்பு தங்கினால் துணி பிறகு மஞ்சளிக்கும், தூசியையும் இழுக்கும். கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர். தூக்கும்போது வலையைப் பிடித்துத் தூக்குங்கள். கைப்பிடியைப் பிடித்தால் ஊறிய பையின் எடை முழுதும் நைந்த தையலில் விழும், அங்கேதான் கிழியும். துண்டால் ஒற்றி ஈரத்தை எடுத்து, உள்ளே வெள்ளைத் துண்டைச் சுருட்டி வைத்து வடிவம் கொடுத்து, நிழலில் ஃபேன் காற்றில் கிடத்தி உலர்த்துங்கள். செய்தித்தாள் திணித்தால் மை ஒட்டும்.

ஒரே ஒரு கறைக்காக நடுவில் மட்டும் நனைத்தால் ஈரம் முடியும் ஓரத்தில் அழுக்கு ஒதுங்கி வட்டம் விழும். தையலிலிருந்து தையல் வரை அந்தப் பக்கத்தை ஒரே சீராக ஈரமாக்கினால் அது வராது.

* * *

நனைக்கவே கூடாதவை: பட்டு, ரேயான், வெல்வெட், ஜரிகை, சமிக்கி. ரேயான் ஈரத்தில் பெருமளவு வலு இழக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பட்டுக்குக் கனம் கூட்ட உலோக உப்பு ஏற்றினார்கள். அந்தப் பட்டு தொட்டாலே மடிப்புக் கோட்டில் பிளக்கும். 1920கள், 30களின் சமிக்கிகளில் ஜெலட்டினால் செய்தவை உண்டு, ஈரத்திலும் சூட்டிலும் கரைந்துவிடும். இவற்றுக்கு வலை வைத்த வேக்குவம் மட்டும்.

* * *

கொக்கி, கண்ணி, ஜிப் ஓரத்துத் துருக்கறையில் குளோரின் பிளீச் படவே கூடாது. துரு போகாது, இரும்பும் பிளீச்சும் சேர்ந்து துணியை அரித்து ஓட்டையாக்கும். எலுமிச்சையும் உப்பும் கறையை மங்கச் செய்யும், ஆனால் அமிலம் இழையில் தங்கினால் பருத்தி மெதுவாக இற்றுப்போகும். கறை பரவாமல் இருந்தால் அப்படியே விடுவதுதான் என் கருத்து.

தோல் கைப்பிடி இருந்தால் பிளாஸ்டிக் தாளால் சுற்றி மறைத்துவிட்டு, பக்கத்துத் துணியைப் பிழிந்த ஈரத்துணியால் மட்டும் ஒற்றுங்கள். தோல் செம்பழுப்புப் பொடியாக விரலில் ஒட்டினால் அது இற்றுப்போன தோல். ஈரம் பட்டால் கறுத்து விறைக்கும். மெழுகு பூசிய கேன்வாஸுக்குக் குளிர்ந்த நீரும் பிரஷும்தான், சோப்பும் சூடும் மெழுகை எடுத்துவிடும்.

* * *

மக்கிய வாடைக்குச் சமையல் சோடாவைப் பைக்குள் நேரே தூவாதீர்கள். தூள் நெசவில் போய் உட்கார்ந்துவிடும், ஈரம் பட்டால் காரமாக வேலை செய்யும். ஒரு கிண்ணத்தில் சோடா அல்லது ஆக்டிவேட்டட் கார்பன் (வாடையை உறிஞ்சும் கரி) வைத்து, திறந்த பையையும் கிண்ணத்தையும் மூடிய பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, முழுதும் காய்ந்த பிறகே துலக்குங்கள். ஈரத்தில் தேய்த்தால் உள்ளே அப்பிக்கொள்ளும்.

பூச்சி அரித்த ஓட்டையோ கூட்டுப்புழுத் தோலோ இருந்தால் பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். மணிவேலைப் பைகளுக்கு இது வேண்டாம். வெளியே எடுத்ததும் பிரிக்காமல் 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். உடனே பிரித்தால் குளிர்ந்த துணியில் நீர் கோத்து, அதுவரை காப்பாற்றிய சாயம் அங்கே ஓடும்.