ஸ்டாலக்மைட்டில் மேலடுக்கு கீழடுக்கைவிட மூத்ததாக வருகிறதே?

கேள்வி:
மேகாலயா குகை ஸ்டாலக்மைட் (சொட்டுநீர் விழுந்து தரையிலிருந்து மேல்நோக்கி வளரும் சுண்ணாம்புப் படிவு) ஒன்றில், 4200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்த காலத்தைத் தேடுகிறோம். அடியிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் யுரேனியம்-தோரியம் வயது (யுரேனியம் சிதைந்து தோரியமாவதை வைத்துக் கணிப்பது) 4600 ஆண்டு. 75 மி.மீ.யில் 5200! மேலே போகப் போக வயது குறையத்தானே வேண்டும்? 75-இல் தோரியம் 230/232 அணு விகிதம் பத்து லட்சத்துக்கு 50தான், 60-இல் 900. வெளியிலிருந்து வந்த தோரியத்துக்கான திருத்தம் எதுவும் போடவில்லை. மறுபடி துளையிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள், முதலில் திருத்தத்தைப் போடுங்கள். யுரேனியம் நீரில் கரையும், தோரியம் கரையாது. அதனால் சுத்தமான படிவில் உள்ள தோரியம்-230 முழுக்க உள்ளேயே சிதைந்து பிறந்தது. சொட்டுநீரோடு களிமண் வந்தால் பழைய தோரியமும் கூடவே வரும், வயது ஏறிவிடும். தோரியம்-232 படிவுக்குள் பிறப்பதில்லை, களிமண்ணோடு வருவது; அதனால் அது அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படி வந்த தோரியத்தின் தொடக்க 230/232 விகிதத்துக்கு வழக்கமாக எடுக்கும் மதிப்பு பத்து லட்சத்துக்கு 4.4 ± 2.2. இதைக் கழித்தால் உங்கள் 5200 சுமார் 4760 ஆகும், பிழை ± 220. கீழடுக்கில் திருத்தம் 25 ஆண்டுகூட வராது. முரண்பாடு பிழை எல்லைக்குள் அடங்கிவிட்டது.

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் 4.4 என்பது புவி மேலோட்டின் சராசரி. சுண்ணாம்புக்கல் குகைக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பக்கூடாது. ஒரே அடுக்கிலிருந்து அழுக்கு கூடுதலாகவும் குறைவாகவும் உள்ள நாலைந்து துகள் மாதிரிகள் எடுத்து ஐசோக்ரான் (ஒரே வயதுள்ள மாதிரிகளின் விகிதங்களை இணைக்கும் நேர்கோடு) போட்டால் அந்தக் குகைக்கே உரிய விகிதம் கிடைக்கும். ± 220ஐ வைத்துக்கொண்டு 4200 நிகழ்வின் தொடக்கத்தைப் பற்றி எதுவும் எழுத முடியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். 75 மி.மீ. அடுக்கு வெள்ளையாக, பொரபொரவென இருக்கிறது. கீழே ஊசி ஊசியான படிகம்.

பதில் 3:
அப்படியானால் களிமண் மட்டும் காரணமில்லை. ஊசிகள் அரகோனைட்டாக (கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவம்) இருக்கலாம், வெள்ளைப் பகுதி அது கால்சைட்டாக (அதே பொருளின் இன்னொரு படிக வடிவம்) மாறிய இடமாக இருக்கலாம். மாறும்போது யுரேனியம் கசிந்துவிடும், தோரியம் தங்கிவிடும். வயது மூத்ததாகத் தெரியும். இதற்குத் திருத்தமே கிடையாது. இரண்டு அடுக்கின் யுரேனியம் அளவையும் ஒப்பிடுங்கள்: 75-இல் பல மடங்கு குறைவென்றால் அந்த வயதை விட்டுவிடுங்கள். மெல்சீவலை (ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்த துண்டு) நுண்ணோக்கியிலும் பாருங்கள். எது அரகோனைட், எது கால்சைட் என்று காட்டும் எக்ஸ்-கதிர் சோதனைக்கான தூளைக் குறைந்த வேகத்தில் எடுங்கள், துளைக்கும் சூட்டிலேயே அரகோனைட் கொஞ்சம் கால்சைட்டாகிவிடும். புது மாதிரிக்கு, வெள்ளைப் பகுதிக்கு மேலும் கீழும் உள்ள கண்ணாடி போன்ற அடுக்குகளில், வளர்ச்சிக் கோட்டை வெட்டாமல், அதன் ஓட்டத்திலேயே துளையிடுங்கள்.