பெரிடெல் வழியே டியூப் டிவியில் ஆர்கேட்: சத்தம் வருகிறது, படம் மட்டும் கறுப்பு. உதவி வேண்டும்

காரைக்கால்காரன், சேன்-ஆந்த்ரே (ரெயூனியன் தீவு)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று ராத்திரியாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், பிடி கிடைக்கவில்லை.

அத்தை வீட்டு மாடியில் துணி போட்டு மூடிக் கிடந்த 21 அங்குல டியூப் டிவி ஒன்று கைக்கு வந்தது. டியூப் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. பின்னால் பெரிடெல் சாக்கெட் (ஸ்கார்ட் என்பதும் இதுதான், படத்தையும் சத்தத்தையும் வெளியிலிருந்து கொடுக்கும் 21 பின் இணைப்பு) இருக்கிறது. சித்திரைப் பிறப்புக்கு மச்சான் பிள்ளைகள் வருகிறார்கள். அதற்குள் பேக்-மேன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, மார்ட்டல் காம்பாட் மூன்றும் இதில் ஓட வேண்டும். எல்சிடியில் ஓடுவது எனக்குத் திருப்தியாக இல்லை. மார்ட்டல் காம்பாட்டின் ஒரிஜினல் ஆர்கேட் போர்டு நொடிக்கு 54.7 தடவை படம் போடும். 60இல் நிற்கும் எல்சிடியில் திரை நகரும்போதெல்லாம் தடுக்குகிறது. டியூப் என்றால் கேம் சொல்லும் வேகத்துக்குக் கூடவே வரும்.

ஆபீசில் கழித்துப் போட்ட பழைய ஐ5 கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம், ரேடியான் ஹெச்டி 5450 கார்டு. டியூப் டிவிக்கு ஏற்ற படத்தை கார்டிலிருந்து அனுப்ப வைக்கும் சிஆர்டி எமுடிரைவரும், ஆர்கேட் கேம்களை ஓட்டும் குரூவிமேமும் போட்டாச்சு. செட்டிங் பார்க்க ஹெச்டிஎம்ஐயில் தனியாக ஒரு மானிட்டர்.

கேபிள் நானே சாலிடர் செய்தேன். விஜிஏவின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் பெரிடெலின் 15, 11, 7ஆம் பின்களுக்கு. படத்தை நகராமல் நிறுத்தும் ஹெச் சிங்க், வி சிங்க் சிக்னல்கள் இரண்டையும் 74எல்எஸ்86 சிப்பில் கலந்து, 470 ஓம் வழியாக 20ஆம் பின்னுக்கு. பவர் சப்ளையின் மஞ்சள் வயர் 12 வோல்ட், 1 கிலோ ஓம் வழியாக 8ஆம் பின்னுக்கு. சத்தம் 2, 6இல். கிரவுண்டுகளையும் விடவில்லை.

கம்ப்யூட்டரைப் போட்டதும் டிவி தானாகவே ஏவி 1க்கு, அதாவது பெரிடெல் உள்ளீட்டுக்கு, தாவுகிறது. பேக்-மேன் காசு போடும் சத்தம் கணீரென்று கேட்கிறது. திரை மட்டும் கும்மிருட்டு. எங்கே தப்பு?

சேன்-பியேர் வாசுகி

அண்ணா, 15 கிலோஹெர்ட்ஸில்தான் (நொடிக்கு 15 ஆயிரம் வரி) அனுப்புகிறீர்களா? விண்டோஸ் வழக்கமாக 31க்குக் குறையாமல் அனுப்பும், டியூப் டிவிக்கு 15.6 வேண்டும். இன்னொன்று, பழைய பிரெஞ்சு செட் என்றால் செகாம் என்ற நிற முறை. நீங்கள் அனுப்பும் படத்தை அது பிடிக்காமலும் இருக்கலாம். கார்டை மாற்றிப் பார்க்கலாமே.

காரைக்கால்காரன்

பார்த்துவிட்டேன்மா. 640×480 இன்டர்லேஸ் (ஒரு தடவை ஒற்றை வரிகள், அடுத்த தடவை இரட்டை வரிகள்), 15.7 என்றுதான் காட்டுகிறது.

லெ போர் டிவி மெக்கானிக்

தம்பி, கார்டை மாற்றாதே, காசு வீண். செகாம் பற்றியும் கவலை வேண்டாம். செகாம், பால் எல்லாம் ஒரே வயரில் நிறத்தையும் அடைத்து அனுப்புவதற்கான முறை. நீ மூன்று நிறத்தையும் தனித்தனி வயரில் தருகிறாய், அங்கே செகாமுக்கு வேலையே இல்லை.

31 போயிருந்தால் படம் கிழிந்து ரெண்டு மூணாகத் தெரியும், உன்னுடையது சுத்தக் கறுப்பு. ஒன்று பார்த்துச் சொல். ரிமோட்டை அமுக்கினால் வரும் ‘ஏவி 1’ எழுத்து ஆடாமல் நிற்கிறதா, வழுக்குகிறதா?

காரைக்கால்காரன்

அசையாமல் நிற்கிறது அண்ணே.

லெ போர் டிவி மெக்கானிக்

அப்போ சிங்க் சரியாகப் போகிறது. நீ எழுதியதை மறுபடி படித்தேன், 16ஆம் பின் அதில் இல்லவே இல்லை. கோளாறு அதுதான்.

8ஆம் பின் ‘ஏவிக்கு வா’ என்று மட்டும்தான் சொல்லும். வந்த பிறகு எந்தப் படத்தை எடுப்பது என்று சொல்வது 16. அதில் 1 முதல் 3 வோல்ட் இருந்தால் டிவி ஆர்ஜிபியை, அதாவது நீ தரும் மூன்று நிறத்தையும், எடுக்கும். இல்லாவிட்டால் 20ஆம் பின்னில் வருவதையே படம் என்று நினைக்கும். நீ அங்கே வெறும் சிங்க்தானே அனுப்புகிறாய்? அதில் படம் கிடையாது, கறுப்புதான் வரும்.

சாலிடர் பண்ணும் முன் ஒரு சோதனை. புதுசாக ஒரு பென்சில் பேட்டரி எடு, 1.5 வோல்ட். பிளஸ் 16இல், மைனஸ் 18இல் வயரால் தொட்டுப் பிடி. படம் வந்தால் பேட்டரிக்குப் பதில் யுஎஸ்பியின் 5 வோல்ட்டை 180 ஓம் வழியாக 16க்குக் கொடு. டிவி உள்ளே 75 ஓம் இருப்பதால் 1.5 வோல்ட் பக்கம் நிற்கும். விஜிஏவின் 9ஆம் பின்னை நம்பாதே, எல்லாக் கார்டும் அதில் 5 வோல்ட் தருவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள், டிவியின் பின்மூடியைத் திறக்காதே. டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே இறங்காது. உன் கோளாறு முழுக்க வெளியேதான்.

காரைக்கால்காரன்

அண்ணே!! பேட்டரி வயரைத் தொட்ட நொடியில் நீல மேஜும் நாலு பேய்களும் அப்படியே எழுந்து நின்றன. கையை எடுத்தால் இருட்டு, வைத்தால் படம். அத்தையைக் கூப்பிட்டு ரெண்டு தடவை செய்து காட்டினேன். 180 ஓம் போட்டாச்சு, மீட்டரில் 1.46. உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் அற்புதம். மார்ட்டல் காம்பாட்டில் அந்தத் தடுக்கல் போயே போய்விட்டது. பேக்-மேன் மட்டும் நடுங்குகிறது, கோடு கோடாக மினுக்குகிறது. இதற்கும் கேபிள்தான் காரணமா?

சேன்-பியேர் வாசுகி

கேபிள் இல்லை அண்ணா, இது எனக்குத் தெரியும், நானும் பட்டேன். அந்தக் கேமின் மானிட்டரைக் கேபினெட்டில் நெட்டுக்குத்தலாக மாட்டியிருப்பார்கள். நிமிர்ந்த படத்துக்கு உயரம் 288 வரி, வேகம் 60.6 ஹெர்ட்ஸ். 15.7 கிலோஹெர்ட்ஸை 60.6ஆல் வகுத்தால் மொத்தமே 259 வரிதான் வரும். 288 கொள்ளாது, அதனால் குரூவிமேம் இன்டர்லேஸுக்குப் போகிறது. அதுதான் மினுக்கல். 50 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 288 அப்படியே அடங்கும், ஆனால் கேம் 17 சதவீதத்துக்கு மேல் மெதுவாகிவிடும். அதைப் பேக்-மேன் என்றே சொல்ல முடியாது.

நான் டிவியையே பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டேன். குரூவிமேமில் படத்தைத் திருப்புவதற்கும் செட்டிங் இருக்கிறது.

லெ போர் டிவி மெக்கானிக்

தங்கச்சி சொல்வது சரி. காற்றுத் துளை அடைபடாத பக்கமாகப் படுக்க வை, ரெண்டு ஆள் பிடித்துத் தூக்குங்கள். திருப்பியதும் மூலையில் பச்சை, ஊதாத் திட்டு வரும், பயப்படாதே. மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி ஆறவிட்டுப் போடு. ரிமோட்டில் அணைத்தால் போதாது. போடும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் வரும், திட்டுக்குக் காரணமான காந்தம் கலைகிற சத்தம். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடி ஆறவிட்டுப் போடு.

காரைக்கால்காரன்

மச்சானும் நானும் படுக்க வைத்தோம். ரெண்டாவது ‘டங்’குக்குத் திட்டு போய்விட்டது. மினுக்கலும் இல்லை. பேட்டரியை டிவி மேலேயே வைத்திருக்கிறேன், எடுக்க மனசு வரவில்லை.