புதுப்பிப்பு: நெட் இல்லாமலே இரண்டு லேப்டாப்பும் இணைந்துவிட்டன

யாங்கோனில் எங்கள் தமிழ் வகுப்பின் இரண்டு லேப்டாப்பையும் இன்டர்நெட் இல்லாமல் இணைக்க வழி கேட்டிருந்தேன் அல்லவா, வேலை முடிந்தது. சாதாரண லேன் கேபிள் ஒன்றே போதும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்க முன்பு தேவைப்பட்ட கிராஸ்ஓவர் கேபிளைத் தேடி அலையாதீர்கள். இன்றைய போர்ட்டுகள் தாமாகவே சரிசெய்துகொள்ளும்.

ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் அடையாள எண்) ஒரு லேப்டாப்புக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2. இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதைக் காட்டும் சப்நெட் மாஸ்க் இரண்டுக்கும் 255.255.255.0. வெளி நெட்வொர்க்குக்கு வழியான கேட்வே முகவரியைக் காலியாக விட்டேன். போர்ட்டில் பச்சை விளக்கு எரிகிறது, ஆனாலும் மற்ற லேப்டாப் எட்டுகிறதா என்று பார்க்கும் பிங்குக்குப் பதில் இல்லை! விண்டோஸ் அதைப் பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டதால் ஃபயர்வால் (நெட்வொர்க் வழி வரும் தொடர்புகளை வடிகட்டும் பாதுகாப்பு) மறித்திருந்தது. பிரைவேட் என்று மாற்றி ஃபைல் ஷேரிங்கை அனுமதித்ததும் சரியாகிவிட்டது. ஃபயர்வாலையே அணைத்துவிடலாம் என்று வந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் பென்டிரைவ் செருகும் கணினிகள் இவை.

கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கும்வரை பாட ஒலிப்பதிவுகள் ஓடுகின்றன. வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்து பிரின்டரையும் இதிலேயே பகிரப் போகிறேன்.