மறு: பஞ்சுமிட்டாய்க் கதையில் திடீர் இருட்டு – சொல் வேண்டும்

வணக்கம்.

ரசிகர் புனைவுச் சொற்களுக்கு நாம் போடும் தமிழ்ப் பட்டியலுக்காக, பஞ்சுமிட்டாய் மாதிரி இனிப்பான கதையில் திடீரென்று இருட்டு விழுவதை எப்படிச் சொல்வது என்று கேட்ட இழை நீண்டுவிட்டது. தனித்தனியாக எழுதாமல் எல்லோருக்கும் ஒரே மடலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

> 'நைட்மேர் ஃபியூயல்' என்பதைக் 'கொடுங்கனவு எரிபொருள்' என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் அப்படியே வந்துவிடுகிறது.

கெட்ட கனவு வரவைக்கும் காட்சி என்ற பொருள் வருகிறது ஐயா, கூடவே பெட்ரோல் பங்கும் வருகிறது. கதையின் மனநிலை சட்டென்று மாறி நம்மை உலுக்குவதைச் சொல்லும் 'மூட் விப்லாஷ்' என்பதற்கு வந்த 'மனநிலைச் சாட்டையடி'யும் இதே ரகம்தான். அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. கார் மோதும்போது கழுத்து வெட்டி இழுக்கிறதே, அதைச் சொல்கிறார்கள். டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நமக்கு ஆவதுதான்.

ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்ப்போம். என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு. 'அனிமல் கிராசிங்' விளையாட்டை வைத்து யாரோ எழுதிய ரசிகர் புனைவு ஒன்றைப் படித்துவிட்டு, போனோடு என்னிடம் வந்தாள். அந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு: ஒரு தீவு, பேசும் விலங்குகள் அக்கம்பக்கத்தார், பழம் பறிக்கலாம், மீன் பிடிக்கலாம், அவ்வளவுதான். நாம் சில மாதம் விளையாடாமல் விட்டால் தீவெங்கும் களை மண்டும், வீட்டுக்குள் கரப்பான் ஓடும், திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்தார் 'இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்' என்று கேட்பார்கள். இது விளையாட்டிலேயே இருக்கிறது. கதை எழுதியவர் அதை ஒரு முயலின் பக்கமிருந்து எழுதியிருந்தார். முயல் தினமும் காலையில் பூட்டிய வீட்டின் வாசலைப் பெருக்குகிறது, தபால் பெட்டியில் ஒரு கடிதம் போடப் பார்க்கிறது, பெட்டி நிரம்பிவிட்டதால் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகுகிறது. கடைசி வரி: 'இன்றைக்கு 412ஆம் நாள். பூச்செடிக்கு நானே தண்ணீர் ஊற்றிவிட்டேன், நீ கவலைப்படாதே.'

"ஒண்ணுமே நடக்கல சித்தி, ஆனா திக்குனு இருக்கு" என்றாள்.

நமக்கு வேண்டிய வரையறை அவள் சொன்னதிலேயே இருக்கிறது. ரத்தம் இல்லை, பேய் இல்லை. ரசிகர் புனைவுகளை ஏற்றும் ஏஓ3 தளத்தில் முதன்மை எச்சரிக்கைகள் நான்கு உண்டு. கொடும் வன்முறை, முக்கியப் பாத்திரத்தின் மரணம், இன்னும் இரண்டு. இந்தக் கதை எந்த எச்சரிக்கையிலும் நேராக மாட்டாது. என்ன நடக்கிறது என்பதை அவை சொல்கின்றன. நமக்கு வேண்டியது, படிப்பவருக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் சொல்.

> 'திகில்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

தம்பி, திகில் கதை வாசலிலேயே பலகை மாட்டிவிடும். 2010இல் இணையத்தில் பரவிய 'பென் ட்ரவுண்ட்' என்ற கதை அப்படித்தான். 'மஜோராஸ் மாஸ்க்' விளையாட்டின் பழைய கேட்ரிட்ஜ், அதற்குள் செத்த பையன். முதல் பத்தியிலேயே நாம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறோம். அது 'க்ரீப்பிபாஸ்டா', அதற்கு இணையத் திகில் என்று தாராளமாகச் சொல்லலாம். நாம் பேசுவது, சப்பணம் போட்டு முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும்போது தரை இறங்குகிறதே, அது.

ரசிகர்கள்தான் குழந்தை விளையாட்டைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு மடலில் பார்த்தேன். அப்படி இல்லை. விதை விளையாட்டுக்காரர்கள் போட்டது. கிர்பி என்று இளஞ்சிவப்பில் உருண்டையாக ஒரு குட்டி. 1997இல் வந்த அதன் 'ட்ரீம் லேண்ட் 3' முழுக்கக் குழந்தை மெழுகுக்குச்சியால் வரைந்தது போல இருக்கும். எல்லா வேலையையும் சரியாக முடித்தவர்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு வெள்ளை உருண்டை வரும், நடுவில் ஒற்றைச் சிவப்புக் கண். அந்தக் கண்ணிலிருந்து ரத்தத்தை வீசி அடிக்கும். தோற்றதும் கண் மட்டும் உடம்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து துரத்தும். 1996இல் வந்த முதல் போக்கிமானிலேயே ஓர் ஊரின் கோபுரம் முழுக்கக் கல்லறை. அங்கே வழிமறிக்கும் ஆவி, கொல்லப்பட்ட ஒரு தாய். செத்த தாயின் மண்டையோட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரியும் குட்டியும் அதே விளையாட்டில்தான் இருக்கிறது. ரசிகர்கள் தண்ணீர் ஊற்றினார்கள், அவ்வளவுதான்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

> தொல்காப்பியம் அச்சத்துக்குச் சொல்லும் நான்கில் 'அணங்கு' இருக்கிறது. அதை மீட்டெடுக்கலாம்.

ஆசைதான் ஐயா. ஆனால் இன்றைக்கு அணங்கு என்றால் அழகான பெண் என்றுதான் படிப்பார்கள். அதோடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை நான்குமே எதிரே வந்து நின்று பயமுறுத்துகிறவை. இங்கே பயம் வருவது செல்லமாகத் தூக்கி மடியில் வைத்திருந்ததிடமிருந்து.

'ரசபங்கம்' என்றும் ஒரு யோசனை வந்தது. ரசபங்கம், அதாவது சுவை கெடுவது, ஒரு குற்றம், எழுதத் தெரியாதவர் செய்வது. முயல் கதை எழுதியவர் தெரிந்தே செய்திருக்கிறார். 'பகீர்' நல்ல சொல்லாக இருந்தது, 'பகீர் தகவல்', 'பகீர் வாக்குமூலம்' என்று தலைப்புப் போட்டுப் போட்டு அதில் இப்போது உயிரே இல்லை.

என் முன்மொழிவு: துணுக்கம்.

'துணுக்குற்றான்' என்று கதைகளில் எல்லோரும் படித்திருப்போம். கத்திக் கூப்பாடு போடுவதில்லை. உள்ளுக்குள் ஒரு வெட்டு, அவ்வளவே. வினைக்குத் துணுக்குறு, காட்சிக்குத் துணுக்கக் காட்சி, கதைக்கு முன் போடும் குறிச்சொல்லுக்கு 'துணுக்கம் உண்டு'. எல்லா வேற்றுமையும் ஏற்கும், தட்டச்சவும் சுலபம்.

> துணுக்கு என்றால் பத்திரிகையில் ஓரத்தில் போடும் நகைச்சுவைத் துண்டு இல்லையா? குழப்பும்.

குழப்பட்டும் என்றுதான் சொல்வேன். சிரிப்புத் துணுக்கு என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்துத் துணுக்குறுவதுதானே இங்கே நடப்பது? ஒரு கலைச்சொல்லுக்கு இப்படி ஒரு ஓசை இலவசமாகக் கிடைப்பது அபூர்வம்.

ஒரு சிக்கல் மட்டும் நிற்கிறது. 'துணுக்கம் உண்டு' என்று வாசலில் எழுதிவிட்டால் துணுக்கம் மிஞ்சுமா? முயல் கதைக்கு அந்தக் குறி இருந்திருந்தால், இரண்டாம் பத்தியிலேயே வீட்டுக்காரர் வரமாட்டார் என்று ஊகித்திருப்போம். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ராத்திரி பத்து மணிக்குத் தனியாகப் படிக்கிறது என்றால் குறி வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அக்கா அன்று என்னை ஒரு பிடி பிடித்தாள், அது வேறு கதை.

பட்டியலில் இப்போதைக்குத் 'துணுக்கம்' என்று ஏற்றி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். 'மூட் விப்லாஷ்' இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பால் திரிவதை வைத்துச் 'சுவைத்திரிவு' என்று தோன்றியது, எனக்கே அது முழுசாகப் பிடிக்கவில்லை.