தொடுவதைத் தடுத்தால் டிக்ஸ் எகிறுகிறது: இஆர்பியை எப்படித் தொடர்வது?

வணக்கம். பையனுக்கு 12 வயது, திருநெல்வேலி பக்கம். 6 வயதில் கண் சிமிட்டல், பிறகு தோள் குலுக்கல், தொண்டைக் கனைப்பு என டிக்ஸ் (அடக்க முடியாமல் திரும்பத் திரும்ப வரும் அசைவு, ஒலி). 10 வயதில் ஓசிடி (ஒரே சடங்கைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனக்கோளாறு) சேர்ந்தது. கிருமி பயமோ, கெட்டது நடக்கும் என்ற எண்ணமோ கிடையாது. கதவுக் கைப்பிடியை இரண்டு கையாலும் ஒரே அழுத்தத்தில் தொட்டு, 'இப்ப சரி' என்று தோன்றும்வரை விடமாட்டான். எழுத்தை அழித்து அழித்து நோட்டு கிழிகிறது.

ஓசிடிக்கு செர்ட்ராலின் மாத்திரை 50 மி.கி.யில் தொடங்கி 100. அந்த அளவில் 10 வாரம். ஓசிடியின் கடுமை மதிப்பெண் 27இலிருந்து 24தான் ஆனது. (டிக்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வகை மாத்திரை மட்டும் போதாமல் போவது புதிதல்ல.) டிக்ஸுக்கு குளோனிடின் மாத்திரை 6 வாரம்: பகல் தூக்கம்தான் மிச்சம். அறிகுறிகள் திடீரெனத் தொடங்கவில்லை, தொண்டைத் தொற்று வந்தபோது அதிகரிக்கவும் இல்லை. ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துடிப்பு) இல்லை. அம்மா அவனுக்காகக் கதவு திறந்துவிடுவதையும் நிறுத்தியாயிற்று.

இஆர்பி (உறுத்தலைத் தூண்டிவிட்டு, சடங்கைச் செய்யாமல் தாங்கப் பழக்கும் சிகிச்சை) 14 அமர்வு முடிந்தது. பயமே இல்லாததால் பதற்ற அளவு உதவவில்லை. 'இன்னும் சரியாகவில்லை' என்று தோன்றுவதை 'உறுத்தல்' என்று 0–10 போட்டுப் படிநிலை அமைத்தோம். 4ஆம் படிவரை சரி. அதற்கு மேல் தொடுவதைத் தடுத்தால் ஐந்து நிமிடத்தில் தோள் டிக் எகிறுகிறது. அதையும் நான்கு நான்காக எண்ணிக் குலுக்குகிறான், டிக்கே சடங்காகிவிட்டது. உறுத்தல் அதில் தணிந்துவிடுவதால் பயிற்சி வீண்.

மனநல மருத்துவர் அரிப்பிப்ரசோல் மாத்திரை 2 மி.கி. சேர்க்க யோசிக்கிறார். அதற்கு முன், இஆர்பியை நிறுத்திவைத்துத் தோள் டிக்குக்கு எதிர்ச்செயல் பயிற்சியை (டிக் வரப்போகும்போது அதற்கு எதிரான அசைவைச் செய்து அதைத் தடுப்பது) 8 வாரம் தனியாகச் செய்வதா, இரண்டையும் ஒரே அமர்வில் சேர்ப்பதா?