புதுப்பிப்பு: சமையல் மேடைக்கு கிரானைட்டா, குவார்ட்ஸா?

முந்தைய பதிவில் கிரானைட்டுக்கே முதலிடம் தந்திருந்தேன், அது மாறவில்லை. ஆனால் எல்லா கிரானைட்டுக்கும் ஆண்டுக்கொருமுறை சீலர் (கல் கறையை உறிஞ்சாமல் காக்கும் திரவம்) பூச வேண்டும் என்று எழுதியது தவறு.

கல்லின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் சீலர் தேவை. கறுக்காவிட்டால் பூசாதீர்கள்; உறிஞ்சாத கல்லில் சீலர் மேலேயே தங்கி, மங்கிய பிசுக்காகக் காயும். அடர்கறுப்புக் கற்கள் பலவும் இந்த வகைதான். வாங்கும் முன், துண்டுக் கல்லில் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பாருங்கள். பளபளப்பு போய்த் தடம் விழுந்தால் அதில் கால்சைட் (அமிலத்தில் அரியும் கனிமம்) இருக்கிறது. சீலர் கறையைத் தாமதப்படுத்தும். அமில அரிப்பைத் தடுக்காது.

குவார்ட்ஸ் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அது ஆலையில் செய்யும் கல்; அதில் ஏறத்தாழ 90 சதவீதம் கல்துகள், மீதி பெரும்பாலும் ரெசின் (பிளாஸ்டிக் போன்ற பசை). கல் சூடு தாங்கும், ரெசின் தாங்காது. அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேரே வைத்தால் விழும் தழும்பு தேய்த்தாலும் போகாது. ஆனால் குவார்ட்ஸுக்குச் சீலர் தேவையில்லை.

எந்தக் கல்லானாலும் விரிசல் பெரும்பாலும் சிங்க் வெட்டில்தான் தொடங்கும். உள்மூலையைச் செங்கோணமாக வெட்டினால் அழுத்தம் அங்கே குவியும். வளைத்து வெட்டச் சொல்லுங்கள். சிங்குக்கு முன்னும் பின்னும் உள்ள ஒடுங்கிய பட்டைகளுக்கு அடியில் தாங்கி கட்டாயம்.

வீட்டுக்குள் உலர்வெட்டு (தண்ணீர் விடாமல் கல்லை வெட்டுவது) வேண்டவே வேண்டாம். அப்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலைத் திரும்பப் பெற முடியாதபடி கெடுக்கும். வெட்டுபவரின் உயிர் அது. குவார்ட்ஸில் சிலிக்கா மிக அதிகம். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் குவார்ட்ஸ் கல்லைத் தடைசெய்தது இதனால்தான்.