வழக்கைக் கேட்பதற்கு முன் எதிர்தரப்பின் பெயரைக் கேளுங்கள்: வடசென்னை வழக்கறிஞர்களின் அனுபவப் பகிர்வு

ராயபுரம் உறுப்பினர்:

வடசென்னையில் தொழில் செய்யும் வழக்கறிஞரிடம் நலன் முரண், அதாவது ஒருவருக்கு நாம் பட்ட கடமை இன்னொருவருக்காகச் செயல்பட விடாமல் தடுக்கும் நிலை, பெரும்பாலும் தெரிந்த முகமாகத்தான் வந்து சேர்கிறது. அப்பாவுக்குப் பத்திரம் எழுதியவர், சித்தப்பாவின் வாடகை வழக்கை நடத்தியவர் என்று நம்பித்தான் மக்கள் நம் படியேறுகிறார்கள். அந்தப் பழக்கமே, சில வேளைகளில், நாம் அந்த வழக்கைத் தொடக் கூடாது என்பதற்குக் காரணமாகி விடுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா பாகப் பிரிவினை வழக்குப் போட வேண்டும் என்று வந்தார். அண்ணன் வீட்டை முழுவதுமாகத் தன் பெயருக்கு மாற்றிக் கொண்டதாகச் சொல்லத் தொடங்கியவர், தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொன்னபோதே எனக்குப் பொறி தட்டியது. அவர் சொன்னது புதிய எண். நான் அறிந்திருந்தது பழைய எண். அவருடைய தகப்பனார் மூத்த மகனுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் பத்திரத்தைத் தயாரித்தது நான். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவனும் நான்தான்.

"கொஞ்சம் பொறுங்கம்மா, இதுக்கு மேல எதுவும் சொல்லாதீங்க" என்று நிறுத்தினேன். அவருக்கு முகம் வாடி விட்டது. "எங்க அப்பாவுக்கே வக்கீல் சார் நீங்க, குடும்பத்தைத் தெரிஞ்சவருன்னுதானே வந்தேன்" என்றார்.

இந்திய பார் கவுன்சில் விதிகளில் தொழில்முறை ஒழுக்கம் பற்றிய பகுதியின் 33-ஆம் விதி, ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ செயல்பட்டவரோ பின்னர் எதிர்தரப்புக்காக வரக் கூடாது என்கிறது. 13-ஆம் விதி, தான் சாட்சியாக வேண்டியிருக்கும் என்று நம்பக் காரணமுள்ள வழக்கை ஏற்கக் கூடாது என்கிறது. அந்தப் பத்திரம் எழுதப்பட்ட விதத்தை யாராவது மறுத்தால் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர்களில் நானும் ஒருவன். தகப்பனார் என்னிடம் நம்பிச் சொன்னவை அவர் காலமான பிறகும் வெளியே போகக் கூடாதவை. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இருந்த அந்தக் கடமை இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132-ஆம் பிரிவில் இருக்கிறது.

எனவே காரணத்தை விரித்துச் சொல்லாமல், இந்தச் சொத்து தொடர்பாக முன்பே வேலை செய்திருப்பதால் வழக்கை ஏற்க இயலாது என்று மட்டும் சொன்னேன். தாமதிக்காமல் வேறு வழக்கறிஞரைப் பார்க்கும்படியும், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமலே இலவச சட்ட உதவி உண்டு என்பதால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம் என்றும் கூறி அனுப்பினேன். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன், அது ஆலோசனை.

சில நாள் கழித்து அண்ணன் வந்தார். தங்கை வந்தாளாமே, என்ன சொன்னாள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் தரப்பில் வக்காலத்தும் வாங்கவில்லை, ஏனென்றால் சாட்சியாகப் போகிறவன் எந்தப் பக்கத்து வக்கீலாகவும் நிற்க முடியாது. அவர் கோபித்துக் கொண்டார். அந்தக் கோபத்தைத் தாங்கிக் கொள்வதும் இந்தத் தொழிலின் பகுதி என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

என் அலுவலகப் பதிவேட்டில் கட்சிக்காரர் பெயரோடு தகப்பனார் பெயர், வீட்டில் அழைக்கும் பெயர், பழைய எண், புதிய எண், பத்திர எண், எதிர்தரப்பினர் அனைவரின் பெயர் ஆகியவற்றையும் குமாஸ்தா எழுதி வைக்கிறார். இன்ஷியலை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே தெருவில் அதே பெயரில் பலர் வந்து நிற்பார்கள். புதிதாக வருகிறவரிடம் கதையைக் கேட்பதற்கு முன் இந்த விவரங்களைக் கேட்டு, பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொல்கிறோம்.

திருவொற்றியூர் உறுப்பினர்:

குற்றவியல் வழக்குகளில் முரண் முதல் நாளில் தெரிவதில்லை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். காசிமேட்டில் மீன் ஏலத்தில் நடந்த அடிதடியில் இரண்டு இளைஞர்கள் கைதானார்கள். இருவரின் தாய்மார்களும் ஒன்றாகவே வந்தார்கள். இருவருக்கும் ஜாமீன் வாங்கினேன். குற்றப்பத்திரிகை வந்த பிறகு, இரண்டாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட இருவரில் இரண்டாமவர், தனியே வந்து, கத்தி வைத்திருந்தது மற்றவன்தான் என்றார். அந்த நிமிடத்திலிருந்து ஒருவரைக் காப்பாற்ற நான் கேட்க வேண்டிய கேள்வி, மற்றவரைச் சிக்க வைக்கும் கேள்வியாகி விட்டது.

ஒருவரை விட்டு மற்றவரை வைத்துக் கொள்ளலாமே என்று சக வழக்கறிஞர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இருவரும் சொன்னதைக் கேட்டவன், ஒருவர் சொன்னதை மனத்திலிருந்து அழித்து விட்டு மற்றவருக்காக வாதாட முடியாது. விசாரணை தொடங்குவதற்கு நாள் இருக்கும்போதே இருவரிடமும் ஒரே வாசகத்தில், யார் என்ன சொன்னார் என்பதைக் காட்டாமல், விலகுவதாக எழுதிக் கொடுத்தேன். செய்யாத வேலைக்கான கட்டணத்தைத் திருப்பினேன். வழக்குக் கட்டுகளையும் அன்றே ஒப்படைத்தேன். கட்டணப் பாக்கிக்காகக் கூட வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லி விட்டது. "ஒரே தெருப் பிள்ளைங்க சார், நீங்களே பிரிச்சு விடாதீங்க" என்று ஒரு தாய் கேட்டதற்குத்தான் என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

இப்போதெல்லாம் பல பேருக்காக ஒரே நேரத்தில் வக்காலத்து வாங்கும்போது, நிலைப்பாடுகள் பிரிந்தால் யாருக்காகவும் நான் தொடர மாட்டேன் என்பதை முதல் நாளே கடிதமாகக் கொடுத்துக் கையொப்பம் பெறுகிறேன்.

தம்பு செட்டி தெருவிலிருந்து ஓர் இளைய உறுப்பினர்:

நான் முன்பு இருந்த அலுவலகம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக விபத்து வழக்குகளை நடத்தியது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி மோதி இறந்த ஒருவர் தொடர்பாக நிறுவனத்தின் புலனாய்வாளர் கொடுத்த அறிக்கையை அங்கே படித்திருந்தேன். அலுவலகம் மாறிய பின், அதே விபத்தில் இறந்தவரின் குடும்பம் இழப்பீடு கேட்டு என் புதிய சீனியரிடம் வந்தது. எந்த அறிக்கை, அதில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல், இந்த விபத்தில் மறுதரப்புக்காக வேலை செய்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். வழக்குக் கட்டை வேறு ஜூனியரிடம் கொடுத்து விடலாமா என்று சீனியர் யோசித்தார். ஆனால் எங்கள் எல்லோருக்கும் ஒரே அறை, ஒரே அலமாரி. மனுத் தாக்கல் செய்ய ஆறு மாதக் கெடு விதித்த சட்டத் திருத்தம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பதால், குடும்பத்தைக் காத்திருக்க வைக்காமல் அன்று மாலையே முன்பணத்தோடு ஆவணங்களையும் திருப்பிக் கொடுத்து, அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்று வழக்கறிஞர்களின் பெயரை எழுதிக் கொடுத்தார்.